முள் நடுவில் நிற்கிறது

ஆவரம்பொட்டலில் நெருப்பு அணையாமல் நிலைத்து நின்றது ஒரு மத்தியான வேளையில், காண்டீனில் வாழைக்காய்ப் பொரியல் பரிமாறிக்கொண்டிருந்தபோது. அதுவரை அந்த நெருப்பு அணைவதற்கென்றே பிறந்துகொண்டிருந்தது. மலைக்கும் கடலுக்கும் சரிபாதித் தூரத்தில் இருந்த அந்தப் பொட்டலில், ஆராய்ச்சிக்காகக் கட்டிய கூடத்துக்குள், ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு உள்கூடு கொண்ட எஃகு வளையம் ஒன்று இருந்தது. அதிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை வாயுவை உள்ளே விட்டு, சூரியனின் வயிற்றுக்குள் இருக்கும் சூட்டுக்கு அதை ஏற்றுவார்கள். அந்தச் சூட்டை எந்தச் சுவரும் தாங்காது என்பதால் வளையத்தைச் சுற்றியிருந்த செம்புச் சுருள்கள் காந்தமாகி அதை நடுவெளியில் தாங்கிப் பிடிக்கும். டைரக்டர் சாரங்கபாணி அதைப் பிளாஸ்மா என்பார், நாங்கள் நெருப்பு என்போம். ஒருவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி முடிக்கும் நேரம் அது நிற்கும், பிறகு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து, சுவரைத் தொட்டு, செத்துப்போகும். உடனே எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டு வந்து அடுத்ததைப் பிறக்க வைப்பார்கள்.

கண்ட்ரோல் ரூம் சுவரில் பச்சைப் பெயிண்டில் ஒரு வாசகம் எழுதியிருந்தது: சாய்ந்த பிறகு தள்ளாதே, சாய நினைக்கும்போதே தள்ளு. அந்த நெருப்பின் குணம் அப்படி. துளி சாய்ந்தால் அந்தச் சாய்வே அதை மேலும் சாய்க்கும், விட்டுவிட்டால் எந்தச் சுருளும் அதைத் திருப்ப முடியாது. ஆகவே அது எங்கே நிற்கிறது என்று காட்டும் நிலைமுள் ஒன்றை வைத்து, முள் மயிரிழை நகர்ந்ததுமே எதிர்ப்பக்கத்துச் சுருளால் மெதுவாகத் தள்ளினார்கள். முள்ளைப் பார்க்கிற வேலை அருளப்பனுக்கு. சுருள் சுற்றுகிற வேலை எனக்கு. கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவன் நான்.

அன்றைக்கு நெருப்பு பிறந்தது, நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. டைரக்டர் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள், நெருப்பு அணையாமல் நின்றது. வாயுவை அடைக்கச் சொன்னார், அடைத்தார்கள், நின்றது. காற்றைத் திறந்துவிட்டார்கள், அப்போதும் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அது நடுவெளியில், ஊதா நிறத்தில், யாரையும் எதையும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸ் ஆட்கள் இரண்டு வாரத்தில் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு வளையத்துக்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள், அதன் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்துச் சுற்றுவட்டார மோட்டார்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், துவரையும் உளுந்தும் தவிர வேறெதையும் பார்க்காத புஞ்சைகளில் வாழை நின்றது. பிறகு தீபாவளி வந்தது. எங்களில் பாதிப்பேர் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள், லீவு விட்டதும் பஸ் பிடித்துக் கிழக்கே போனார்கள், நெருப்பும் அவர்கள் பின்னாலேயே போய்க் கிழக்குச் சுவரைத் தொட்டது. தொட்டதும் சாகிற நெருப்பாக அது இப்போது இல்லை. எஃகு மெழுகுபோல் வடிந்தது, கூடத்துக்குக் கிழக்கே இருந்த பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி கொதித்தது. சுருள்களைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார்கள், அவற்றின் சொல்லை அது கேட்பதை நிறுத்தியிருந்தது. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்ட் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆட்களைத் திரும்ப வரவழைத்தார்கள். அதிரசத் தூக்கோடு ஒவ்வொருவராக வந்து கேட்டுக்குள் நுழைய நுழைய முள் இம்மி இம்மியாக நடுவுக்கு வந்தது.

இனிமேல் சுருள்கள் நாங்கள்தான் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஒரு கூட்டம் போட்டார்கள், ஒரு குழு அமைத்தார்கள், காம்பவுண்டுச் சுவரை மேற்கிலும் உடைத்து இன்னொரு வாசல் வைத்தார்கள். கிழக்கே ஒருவர் போக வேண்டுமென்றால் அதே நேரத்தில் மேற்கே ஒருவர் போக வேண்டும். சங்கு ஊதியதும் இரண்டு பேரும் இரண்டு வாசலில் காலை வெளியே வைப்பார்கள், ஒருவர் திரும்பும்போது மற்றவரும் திரும்புவார். அந்த மற்றவருக்கு எதிராள் என்று பெயர் வந்தது. மேற்கே சொந்தபந்தம் உள்ளவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் சாதகம் கேட்பதற்கு முன்னால் எதிராள் யார் என்று கேட்டார்கள். தூத்துக்குடி மக்ரூனும் செங்கோட்டை நேந்திரங்காய் வறுவலும் ஒரே வீட்டு டப்பாவில் கிடந்தன.

உடம்பின் எடைக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளானது. ஒருவர் எந்தப் பக்கம் போய் நிற்கிறாரோ அந்தப் பக்கம் நெருப்பு சாயும், எவ்வளவு சாயும் என்பது அவர் மனதில் எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, தூரம் கூடக்கூட அதுவும் கூடும். ஸ்டோர் கீப்பர் ராசமணி ஆடிட் வேலையாகத் தென்காசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேற்கு வாசலில் இறங்கிய அன்று முள் போன போக்கைப் பார்த்துவிட்டு அருளப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஆடிட்டுக்குப் போகிற மனுஷனுக்கு இத்தனை ஏக்கமா என்று கண்ட்ரோல் ரூமில் ஆரம்பித்த பேச்சு தண்ணீர்க் குழாயடிக்குப் போய், ராசமணி திரும்பி வந்தபோது அவர் வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. காண்டீன் சுயம்புவின் கதை இதற்கு நேர் எதிர். மாமியார் வீடு மேற்கே பாவூர்ச்சத்திரத்தில் இருந்ததால் அவரை வாராவாரம் எதிராளாக அனுப்பினார்கள், முள் அசையவே இல்லை. எங்கே போனாலும் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, இருக்கிற இடத்தில் துண்டை விரித்துத் தூங்குகிற மனிதர் அவர். எங்கள் மகளிடம் வரும்போதுகூடவா ஒன்றும் இல்லை என்று மாமியார் வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் அதனாலேயே எதிராள் இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் போய்வரக்கூடிய ஒரே ஆளாக அவர் ஆனார், ஊருக்கு வெளியே ஆக வேண்டிய காரியத்துக்கெல்லாம் ஜீப்பை அவரிடமே கொடுத்தார்கள்.

என் மனைவி செண்பகவல்லிக்குத் தூத்துக்குடியில் கோமதி என்று ஒரு தங்கை, தையல் கடை வைத்திருந்தவள். அவள் பிரசவத்துக்குத் துணையாக ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்று செண்பகம் கேட்டாள். எதிராளாகப் போக வேண்டியவருக்கு அப்போது மஞ்சள்காமாலை, ஒரு வாரம் பொறுங்கள் என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கிழக்கு வாசலுக்குப் போனவளுக்கு எதிராக அவரை மேற்கு வாசலில் நிறுத்திச் சங்கு ஊதியபோது, அவளுடைய பக்கம் கூடிவிட்டிருந்தது. நல்ல எதிராளாகப் பார்க்கிறோம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பார்த்துப் பிடித்து நிறுத்தியபோது அவள் பக்கம் இன்னும் கூடியிருந்தது. கோமதிக்கு ஆண் குழந்தை பிறந்தது, அவனுக்குக் காது குத்தினார்கள், அவன் பள்ளிக்கூடம் போனான்.

குழு கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அதை அவர்கள் உலகத்தில் யாரையும்விட நன்றாகச் செய்வார்கள்: சாய நினைக்கும்போதே மெதுவாகத் தள்ளுவது. செண்பகம் கிழக்கு வாசல் பக்கமாக நாலு எட்டு வைத்தால் யாராவது ஒரு பெண் குறுக்கே வந்து, மதினி ஒரு டம்ளர் உளுந்து இருக்கா என்று கேட்பாள். இன்னொருத்தி கைக்குழந்தையைக் கொடுத்து, கொஞ்சம் வைத்திருங்க வந்துடுதேன் என்று போனால் விளக்கு வைக்கும் வரை வரமாட்டாள். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். டைரக்டரே வந்து, பஸ் போகிற சாலை கண்ணில் படாத பெரிய குவார்ட்டர்ஸ் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினார். நெருப்புக்கு அந்தத் தள்ளல்கள் போதுமாக இருந்தன. அவளுக்கோ ஒவ்வொரு தள்ளலும் உள்ளே போய்த் தங்கி அவளைக் கனமாக்கியது. முதலில் கேட்டருகே போனால் அசைந்த முள், பிறகு அவள் குழாயடிக்குப் போனாலே அசைந்தது, பிறகு வீட்டின் கிழக்கு அறைக்குப் போனால் அசைந்தது. மத்தியானத்தில் போன் அடிக்கும். “அண்ணாச்சி, மதினி கொல்லைப்பக்கமா நிக்காங்களா?” என்று அருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்பார். நான் திரும்பிப் பார்ப்பேன், அவள் துணி காயப்போடக் கையைத் தூக்கியவள் அப்படியே இறக்கிக்கொண்டு உள்ளே வருவாள்.

கடைசியில் மேற்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி, அதன் எதிரே தையல் மிஷின், அவ்வளவுதான் அவளுடைய இடம் என்று ஆனது. சமையலை நான் செய்தேன். அவள் என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அவளுடைய ஏக்கம் தங்கையைப் பார்ப்பதா, இந்த இடத்தை விட்டுப் போவதா, என்னை விட்டுப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. முள் எவ்வளவு என்று மட்டும்தான் காட்டும், எதற்காக என்று காட்டாது. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கூடத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்த எனக்குக்கூட, கேட் திறந்துதான் இருக்கிறது, பூட்டு எங்குமே இல்லை என்பது அடிக்கடி மறந்துபோகும்.

ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் மிஷினை நிறுத்தினாள்.

“நான் கிழக்கே போறேன். நீங்க மேற்கே போங்க.”

“மேற்கே எனக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. அதனாலதான்.”

செம்புக்கம்பி வாங்க நான் மேற்கு வாசல் வழியாகப் போனபோதெல்லாம் அளந்திருக்கிறார்கள் என்றும், சுயம்புவுக்கு அடுத்தபடி நான்தான் என்று குழுவிலேயே சிரித்தார்கள் என்றும் அவளிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“அப்பம் நான் இங்கன வீட்டுல இருந்தேன். உங்களுக்கு என்ன குறை? நான் போன பெறகு அளந்து பாக்கச் சொல்லுங்க.”

குழு சம்மதிக்க ஒரு மாதம் ஆனது. அது அவர்கள் கணக்குக்குள் வராத யோசனை. தப்பினால் கிழக்குச் சுவருக்கு அப்பால் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று டைரக்டர் திரும்பத்திரும்பச் சொன்னார், அதனால் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு லீவு விட்டு எல்லாரையும் தெற்குத் திடலில் உட்கார வைத்தார்கள். என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் வேறொன்று. அவள் கனத்துக்கு நான் பற்றாமல் போனால், எங்கள் கல்யாணத்தில் யார் எவ்வளவு என்பது ஊருக்கு முன்னால் எஃகு உருகித் தெரியும்.

சங்கு ஊதினார்கள். நான் மேற்கு வாசலில் காலை வெளியே வைத்தேன், அவள் அங்கே கிழக்கில் வைத்திருப்பாள், எனக்கும் அவளுக்கும் நடுவே முழு ஊரும் நெருப்பும் இருந்தன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பஸ் ஏறினேன். காலில்லாதவன் நடப்பதுபோல் இருந்தது எனக்கு, எதைத் தொட்டாலும் அதற்குப் பக்கத்தில் அவள் இல்லாதது தெரிந்தது, டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் அவளுக்கும் சேர்த்து எடுக்க வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டேன். செங்கோட்டையில் இறங்கி, சொல்லிவைத்திருந்த டீக்கடைப் போனிலிருந்து கூப்பிட்டபோது அருளப்பன் முதல் மணியிலேயே எடுத்தார்.

“வழிநெடுக முள்ளு நடுவுல நின்னுச்சு அண்ணாச்சி. இப்பம்தான் கோமதி வீட்டுக்குள்ள போயிருக்காங்க. வைக்காதீங்க, போனைப் பிடிச்சுக்கிட்டே இருங்க.”

அவள் ஏங்கியது கிடைத்துவிட்டது. தங்கையைக் கட்டிக்கொண்டிருப்பாள், அந்தப் பையனை மடியில் வைத்திருப்பாள். முள் மேற்கே, என் பக்கம், நழுவ ஆரம்பித்துவிட்டது என்று அருளப்பன் மெல்லச் சொன்னார். அவள் ஏக்கம் தீர்கிறது, என்னுடையது தீரவில்லை, நெருப்பு என்னை நோக்கி வருகிறது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டேயிருந்தார். அந்தப் பக்கத்தில் யாரோ செபம் சொல்வது கேட்டது. பிறகு அருளப்பன், “நின்னுட்டு,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “திரும்புது அண்ணாச்சி,” என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, “நடுவுல,” என்றார்.

செங்கோட்டையிலேயே மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்று போட்டேன். அவள் அங்கே கோமதியோடு தைத்தாள். ஒருவரையொருவர் நாங்கள் பார்க்க முடியாது. நான் அவளிடம் போனால் இரண்டு பேரும் ஒரே பக்கமாகிவிடுவோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடுவுக்குத் திரும்பிவிடலாமே என்று ஒரு தடவை போனில் கேட்டேன். அந்த நாற்காலிக்கு இன்னொரு தரம் தன்னால் வர ஆகாது என்றாள், நான் அப்புறம் கேட்கவில்லை. போனிலும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை, சாப்பாடு ஆயிற்றா, மழை உண்டா என்கிற அளவுதான். கடை திறந்ததும் அருளப்பன் தினமும் கூப்பிட்டு, முள் நடுவில் நிற்கிறது என்பார். அவள் என்னைத் துளி மறந்தாலும் அது என் பக்கம் சாயும், நான் அவளைத் துளி மறந்தாலும் அவள் பக்கம் சாயும். மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் சண்டையிலும் சோற்றிலும் தூக்கத்திலும் தெரிந்துகொள்வதை நாங்கள் அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துகொண்டோம். மேற்கே மலை, கிழக்கே அவள். என் கடையைச் சுற்றியும் சுவர் எதுவும் இல்லை.

பையன் வளர்ந்து வேலைக்குப் போனான், கோமதிக்கு நரைத்தது, எனக்குக் கம்பி முனை தெரியாமல் கண்ணாடி வந்தது. ஒரு நாள் காலையில் அருளப்பன் கூப்பிட்டு வழக்கம்போல் நடுவில் நிற்கிறது என்று சொல்லிப் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கோமதி கூப்பிட்டாள். அக்கா விடியும்போதே போய்விட்டாள், தூக்கத்திலேயே, என்றாள். நான் கடையைப் பூட்டாமல் போய்க் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். இனி அந்தப் பக்கம் யாரும் இல்லை, நெருப்பு என்னைத் தேடி மேற்கே சாய்ந்திருக்கும், நான் நடுவை நோக்கிப் போகப்போக அதற்கும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்பது மட்டும்தான் எனக்குள் இருந்தது, அவள் கண் மூடியிருப்பாள் என்பது தென்காசி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

பாவூர்ச்சத்திரத்தில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி பஸ்ஸை மறித்தார் சுயம்பு. வயதாகியிருந்தார், ஆனால் அதே துண்டுதான் தோளில்.

“அண்ணாச்சி, எறங்குங்க.”

“விடும் வே. அவ போயிட்டா. இனி நான் யாருக்காக மேற்கே நிக்கணும்?”

“முள்ளு கெழக்கே சாயுது.”

அது எப்படி முடியும் என்று கேட்டேன். அவர் படியில் ஏறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோமதியக்கா எங்களுக்கும் போன் போட்டாங்க. அருளப்பன் முள்ளவிட்டுக் கண்ணெடுக்கல. மதினி போன நேரத்துக்கும் அசையல, அதுக்கப்புறமும் அசையல, நடுவுலேயே நின்னுச்சு. நீங்க பஸ் ஏறினீங்கல்லா, அப்பம்தான் சாய ஆரம்பிச்சுது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஆரன் அடிக்கவில்லை.

“அதே அளவுலயா?”

“அதே அளவுல, அண்ணாச்சி. ஒரு மயிரிழை குறையல.”

இறங்கினேன். கிழக்கே அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிக்கொண்டிருப்பார்கள். வாய்க்கரிசி போட என் ஸ்தானத்தில் நீர் போம் வே, உமக்குத்தான் எந்தப் பக்கமும் தடையில்லை என்று சுயம்புவிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார், பிறகு, எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிப் பழகிய அந்த மனிதர், மதினிக்கு என்ன கலர் சேலை பிடிக்கும் என்று கேட்டார். அரக்கு என்றேன். ஜீப் கிழக்கே போனது. நான் எதிர்ப்பக்கமாக நின்று செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன்.

சாயங்காலம் அருளப்பன் கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கோமதியின் மகன் கொள்ளி வைத்தான் என்றார். பிறகு தயங்கினார். முள் கொஞ்சம் கிழக்கே போய் நிற்கிறது, பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் நிற்கிறது என்றார்.

“செண்பகமா?”

“மதினி இல்ல அண்ணாச்சி. சுயம்பு. அரிசிய வாயில போட்டுட்டு அங்கேயே உக்காந்து அழுதுக்கிட்டிருக்காராம், எழுந்திரிக்க மாட்டேங்காரு.” கொஞ்சம் பொறுத்து, “நீங்க இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போக முடியுமா?” என்றார்.

நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சம் இருந்தவரை மலையைப் பார்த்து நடந்தேன்.